எல்லைக்கோட்டில் அம்மா

வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதுதான் பல் டாக்டரின் தொழில். சனிக்கிழமை காலையில் மட்டும் அவர் தன் வாயைத் திறப்பார். திறந்தால், நடுவர் கடைசி விசில் ஊதும்வரை மூட மாட்டார்.

"பட்டாணி, ஏறு! ஏறு! வலது பக்கம் பாரு! அடி! ஐயோ, அடிச்சிருக்கலாமே!"

வேலிக்கு அப்பால் நாயோடு நடை போகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று வலது பக்கம் பார்ப்பார்கள். குரல் அப்படி.

பட்டாணி அவருடைய ஒரே மகள். வயது பதினொன்று. ஆள் பொடிசு என்பதால் வந்த பட்டப்பெயர். அதே காரணத்தால் எதிரணிப் பெண்களின் கைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து புறப்பட்டுவிடுவாள். கால்பந்து கிளப்பின் சின்னப் பெண்கள் அணியில் முன்வரிசையில் ஆடி, போன பருவத்தில் அதிக கோல் போட்டவள் அவள்தான். அந்தக் கோப்பை டாக்டரின் கிளினிக்கில், பல்செட் மாதிரிகளுக்கு நடுவே, வருகிறவர்கள் கண்ணில் பட்டே தீரும் இடத்தில் இருந்தது. கேட்காதவர்களுக்கும் அதன் கதை சொல்லப்பட்டது. வாயில் பஞ்சு வைத்த நோயாளி "ம்ம்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, புது கோச் வரும்வரை.

புது கோச் முப்பது வயதுப் பெண். வார நாட்களில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். வந்த வேகத்தில் அணியைக் கலைத்துப் போட்டார். கோல்கீப்பரை முன்னால் அனுப்பினார். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான பெண்ணை கோலில் நிறுத்தினார். பட்டாணியைக் கொண்டுபோய்ப் பின்வரிசையில், டிஃபென்ஸில் போட்டார்.

பல் டாக்டருக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் ஆனது. பெரிய கிளப் ஒன்று அடுத்த மாதம் தேர்வு முகாம் நடத்துகிறது. ஆர்வமுள்ளவர்கள் ஆடுகிற வீடியோவை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். இந்த நேரம் பார்த்தா இப்படி?

பயிற்சி முடிந்து கோச் குனிந்து குனிந்து ஆரஞ்சு கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் போய் நின்றார்.

"கோச், ஒரு நிமிஷம். கோல் போடுற பொண்ணை கோல் பக்கமே நெருங்க விடாம வச்சா என்ன அர்த்தம்?"

"கோல் பக்கம்தானே நிக்க வச்சிருக்கேன், டாக்டர். நம்ம கோல் பக்கம்."

"விளையாடாதீங்க."

"சரி, விளையாடல." கோச் நிமிர்ந்தார். "பட்டாணி கால்ல பந்து இருந்தா பிரமாதம். பந்து இல்லன்னா என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுடுறா. பின்னாடி நின்னா மொத்த ஆட்டமும் கண்ணுக்குத் தெரியும். பாத்து, அவளே முடிவு எடுக்கணும், மத்தவங்ககிட்ட சொல்லணும். அவ கிரவுண்டுல ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்ல."

"எங்க பட்டாணியா? வீட்ல வந்து கேளுங்க! காதுல ரத்தம் வரும்."

"அதான் எனக்கும் புரியல," என்றார் கோச், கூம்புகளைக் கக்கத்தில் இடுக்கியபடி. "எல்லாரும் எல்லா இடத்துலயும் ஆடணும் டாக்டர். இந்த வயசுல ஒரே இடத்துல ஆணி அடிச்சு வைக்க எனக்கு மனசில்ல."

பேச்சு அதோடு முடிந்தது. காரில் திரும்பும்போது டாக்டர் கோச்சையும், கிளப்பையும், காப்பீட்டுத் துறையையும் ஒரு பிடி பிடித்தார். பின்சீட்டில் பட்டாணி காலுறையிலிருந்து புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். காரை ஓட்டிய கணவர் "ம்" போட்டுக்கொண்டு வந்தார். அவர் நில அளவையாளர். எதையும் அளந்துதான் பேசுவார்.

"அந்தம்மா தயவு நமக்கு வேண்டாம்," என்றார் டாக்டர். "போன சீசன் மேட்ச் எல்லாம் நீங்க எடுத்து வச்சிருக்கீங்கல்ல? நானே வெட்டி ஒட்டி அனுப்பிடுறேன்."

"இருக்கு. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல."

மறுநாள் கிளினிக்கில், மதிய இடைவேளையில் வாசல் கதவைச் சாத்திவிட்டு டாக்டரும் நர்ஸும் கணினி முன் உட்கார்ந்தார்கள். நர்ஸ் தன் பூனையை வைத்து வீடியோ போட்டு ஊரெல்லாம் ரசிகர்களைச் சேர்த்தவர். வெட்டி ஒட்டுவதில் கில்லாடி. எக்ஸ்ரே படம் பார்க்கும் பெரிய திரையில் மைதானம் பச்சையாக விரிந்தது.

கணவர் கேமராவைத் தன் அளவைத் தொழிலின் முக்காலியில் பொருத்தி எடுத்திருந்தார். இம்மி ஆடவில்லை. பிரச்சினை வேறு. பந்து ஒரு பக்கம் போகும். கேமரா பட்டாணியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

டாக்டர் அங்கிருந்தே கணவரைப் போனில் பிடித்தார். "என்னங்க இது? பந்து எங்கங்க?"

"எனக்கென்ன தெரியும்? பந்து நமக்கு சொந்தமா பந்தமா? நான் என் பொண்ணை எடுத்தேன். அதத்தான் நேத்தே சொல்ல வந்தேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்ல டாக்டர், கோல் போடுற இடங்கள்ல பந்து தானா வந்துடும்," என்று தேடத் தொடங்கினார். கிடைத்தது. பட்டாணி இருவரைக் கடந்து வலைக்குள் தட்டிவிடும் அருமையான இடம். கூடவே, "இடது! இடது! குடுக்காத, நீயே அடி!" என்று ஒரு குரல் கணினியைக் கிழித்துக்கொண்டு வந்தது. தட்டில் இருந்த கருவிகள் கிணுகிணுத்தன.

"யாரது இப்படிக் கத்துறது?" என்று கேட்டுவிட்டார் டாக்டர். கேட்ட பிறகுதான் தெரிந்தது.

நர்ஸ் வாய் திறக்கவில்லை. வேலைக்கு நல்லதில்லை என்று நினைத்திருக்கலாம்.

"சரி, நான் கத்தாத இடமா பாத்து எடு."

பார்த்தார்கள். முதல் ஆட்டத்தில் இல்லை. அடுத்ததில் இல்லை. மழையில் ஆடிய ஆட்டத்தில் கொஞ்ச நேரம் அமைதி இருந்தது. அது டாக்டர் குடை எடுக்கக் காருக்குப் போயிருந்த நேரம். நெட்டையின் அம்மா பக்கத்தில் நின்று "விடுங்க, குழந்தைங்கதானே" என்று சொன்னது ஓரிடத்தில் பதிவாகியிருந்தது. அதற்கு இவர் சொன்ன பதிலும் பதிவாகியிருந்தது. டாக்டர் நாற்காலியில் நெளிந்தார்.

"சத்தத்தை எடுத்துடலாம் டாக்டர். படம் மட்டும் போதுமே," என்று நர்ஸ் ஒரு விசையைத் தட்டினார்.

சத்தம் நின்றது. அப்போதுதான் டாக்டர் படத்தைப் பார்த்தார்.

பட்டாணி ஓடுகிறாள். பந்து வருகிறது. நிறுத்துகிறாள். தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்க்கிறாள். அதற்குள் ஒருத்தி வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போகிறாள். மறுபடி கேமராவைப் பார்க்கிறாள். நல்ல பாஸ் ஒன்று கொடுக்கிறாள். தோழி கோல் போடுகிறாள். எல்லோரும் ஓடிக் கட்டிக்கொள்கிறார்கள். இவள் முதலில் கேமராவைப் பார்த்துவிட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு பிறகுதான் ஓடுகிறாள்.

"கேமராவைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கலாம்," என்றார் நர்ஸ்.

"அவ கேமராவைப் பாக்கல," என்றார் டாக்டர். அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "அதுக்குப் பக்கத்துல நான் நின்னேன்."

வாசலில் மணி அடித்தது. பிற்பகலின் முதல் நோயாளி. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு போனார். அன்று வந்தவர்கள் யாருக்கும் கோப்பையின் கதை சொல்லப்படவில்லை.

சாயங்காலம் பட்டாணி சமையலறை மேடைமீது ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டியபடி, பள்ளியில் யார் யாரோடு டூ விட்டார்கள் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் கேரட் நறுக்குவதை நிறுத்தினார்.

"ஏண்டி, ஆடும்போது எதுக்கு என்னையே பாக்குற?"

கால்கள் நின்றன. "பாக்கலன்னா நீ இன்னும் சத்தமா கத்துவியே."

"அப்படியா பண்றேன்?"

"கோச் ஒண்ணு சொல்றாங்க, நீ ஒண்ணு சொல்ற. ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னா உன்னோடதுதான் கேக்குது. அதை யோசிக்கிறதுக்குள்ள பந்து போயிடுது." கொஞ்சம் நிறுத்தி, அம்மாவின் முகத்தை நோட்டம் விட்டு, "பாஸ் குடுத்தா வேற நீ ஐயோங்குற," என்றாள்.

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலாம், பிள்ளை ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கேரட் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"பின்னாடி ஆடுறது பிடிச்சிருக்கா?"

"தெரியல. பயமா இருக்கு. ஆனா எல்லாரும் தெரியுறாங்க."

சனிக்கிழமை வந்தது. எதிரணி பக்கத்துப் பேட்டைக்காரர்கள். ஆளுக்கொரு முழம் உயரம் அதிகம். டாக்டர் தன்னை நம்பவில்லை. கிளினிக்கிலிருந்து பஞ்சுச் சுருள்கள் எடுத்து வந்து, ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கன்னத்திலும் அதக்கிக்கொண்டு, மேலே முகக்கவசம் போட்டுக்கொண்டார்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் நெட்டையின் அம்மா.

"ம்ம்," என்றார் டாக்டர்.

முக்காலியைச் சரி பார்த்துக்கொண்டிருந்த கணவர் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். இதற்கு அளவே இல்லை என்று விட்டுவிட்டார்போலும்.

முதல் பாதி பெரும் சோதனை. பந்து பட்டாணியிடம் வந்ததும் அவள் திரும்பி எல்லைக்கோட்டைப் பார்த்தாள். டாக்டர் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அவர் போட்டிருந்தது கயிறில்லாத செருப்பு. அடுத்த முறை வானத்தைப் பார்த்தார். அதற்கடுத்த முறை கைப்பையில் எதையோ தேடினார். மகள் குழம்பிப்போய் நிற்க, எதிரணியின் ஒன்பதாம் எண்காரி அவளைக் காற்றாகக் கடந்து போய் கோல் போட்டாள்.

பட்டாணி முகம் சிவந்து திரும்பிப் பார்த்தாள். இந்த முறை டாக்டரால் குனிய முடியவில்லை. பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது. கையை மட்டும் லேசாகத் தூக்கி அசைத்தார், தெருமுனையில் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடும்போது அசைப்பதுபோல. பட்டாணியும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கை அசைத்தாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

இரண்டாம் பாதியில் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒன்பதாம் எண்காரி மறுபடி வந்தாள். நெட்டை கோலில் மரம்போல நின்றிருந்தாள். திடீரென்று மைதானத்தைப் பிளந்துகொண்டு ஒரு குரல் எழுந்தது.

"நெட்டை, வெளிய வா! வா, வா, வா! நான் இவளைப் பாத்துக்குறேன்!"

நெட்டை அரண்டுபோய் ஓடி வந்து பந்தை வாரி அணைத்தாள். வேலிக்கு அப்பால் ஒரு நாய் உட்கார்ந்துவிட்டது.

"உன் குரல்," என்றார் கணவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அச்சு அசல்."

அதற்குப் பிறகு பட்டாணிக்கு மடை திறந்துவிட்டது. "இடது பக்கம் ஆளில்ல!" "திரும்பு, பின்னாடி வர்றா!" "எனக்குக் குடு, எனக்கு!" முன்வரிசைக்காரிகளை ஏவினாள், நடுவரிசைக்காரிகளை விரட்டினாள். ஒருமுறை கோச்சையே, "கோட்டுக்குள்ள நிக்காதீங்க, மறைக்குது!" என்று அதட்டினாள். கோச் பவ்யமாக இரண்டடி தள்ளி நின்றார்.

ஆட்டம் தோல்விதான், இரண்டுக்கு ஒன்று. ஆனால் அந்த ஒன்று, பட்டாணி பின்னாலிருந்து நீளமாகத் தூக்கிக் கொடுத்ததில் விழுந்தது. டாக்டர் பஞ்சைத் துப்பிவிட்டு கோச்சிடம் போனார்.

"போன வாரம் நான் பேசினது கொஞ்சம் அதிகம்."

"கொஞ்சமா?" என்று கோச் சிரித்தார். "விடுங்க. நானும் மாத்துறதுக்கு முன்னாடி உங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லாம செஞ்சது என் தப்பு. முகாமுக்கு அனுப்புறீங்களா?"

"அவளையே கேக்கணும்."

கேட்டார்கள். பட்டாணிக்கு ஆசைதான். எந்த வீடியோ அனுப்புவதென்று வீட்டில் மூவரும் உட்கார்ந்து பேசி, தோற்ற ஆட்டத்தையே அனுப்பினார்கள், சத்தத்தோடு. முகாமுக்கு அழைப்பு வந்தது, போனாள், தேர்வாகவில்லை. கால் வேகம் இன்னும் வேண்டும், அடுத்த வருடம் வா என்று சொல்லி அனுப்பினார்கள். காரில் அழுதாள். டாக்டர் தன் நாக்கு நுனிவரை வந்த ஆறுதல்களையும் அறிவுரைகளையும் விழுங்கிவிட்டு, பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, அழுகை தூக்கமாக மாறும்வரை மகளின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டார். அடுத்த பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றது பட்டாணிதான்.

அதற்கடுத்த சனிக்கிழமை, மைதானத்துக்குள் ஓடுமுன் அவள் திரும்பி வந்தாள்.

"அம்மா, கோல் விழுந்தா மட்டும் கத்திக்கோ."

"யார் போட்டாலும்?"

"யார் போட்டாலும்."

அன்று எதிரணியில் ஒரு சின்னப் பெண், பட்டாணியைவிடப் பொடிசு, தூரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். பந்து நெட்டையின் விரல்களுக்கு மேலே வளைந்து மூலையில் போய் இறங்கியது. அப்படி ஒரு அழகு. டாக்டர் தன்னை மறந்து, "அடடா! சபாஷ்டி தங்கம்!" என்று கத்திக் கைதட்டினார். எல்லைக்கோடு முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது.

பின்வரிசையில் பட்டாணி இடுப்பில் கை வைத்து நின்றாள். "அம்மா! நம்ம டீம்ல யார் போட்டாலும்னு சொன்னேன்!"

அப்புறம் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து நடுவட்டத்துக்கு எறிந்துவிட்டு, எல்லோரையும் அவரவர் இடத்துக்குப் போகச் சொல்லி விரட்டத் தொடங்கினாள்.