நூல் கட்டிய பூ

ஊரில் அவர்களுக்குப் பூப்படை என்று பெயர். சனிக்கிழமை விடிந்தால் போதும், கையுறையும் மண்வெட்டியுமாக பஸ் நிறுத்தத்தில் கூடிவிடுவார்கள். தெரு கூட்டுவார்கள், களை பிடுங்குவார்கள், தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சம்பளம் கிடையாது. பேர் உண்டு, அதிலும் பாதி கிண்டல். தலைவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பழக்கம் விடவில்லை, கழுத்தில் விசில் தொங்கும். வேலை தொடங்க ஒன்று ஊதுவார், முடிக்க ஒன்று ஊதுவார், யாராவது நின்று கதை பேசினால் நீளமாக ஊதுவார். அதனால் ஊருக்கே அவர் 'விசில்'தான்.

அந்தப் படையில் ஒரு அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கை தையற்கடை வைத்திருப்பவள். அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா இறந்த கையோடு, அம்மாவின் தையல் மெஷினை அக்கா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். தங்கை தொழில் கற்றதே அந்த மெஷினில். ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அன்று ஏறிய கோபம் தங்கைக்கு இன்னும் இறங்கவில்லை. இறக்கிவைக்க அவளுக்கு மனசும் இல்லை.

ஆனாலும் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. பேச வேண்டியது இருந்தால் விசில் வழியாகப் பேசிக்கொள்வார்கள். "அவங்க காலடியில வாளி இருக்கு, எடுத்துத் தரச் சொல்லுங்க" என்பாள் தங்கை. வாளி அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். விசில் நடந்து வந்து எடுத்துக் கொடுப்பார். டிக்கெட் கிழித்த காலத்தில்கூட இவ்வளவு அலைந்ததில்லை என்று புலம்புவார்.

பூப்படைக்கு ஒரு சட்டம் உண்டு. வாடிய பூவை உடனே வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் செடி அடுத்த மொட்டு விடும். விதைக்கு வேண்டிய பூவை மட்டும் காம்பில் நூல் கட்டிக் காய விடுவார்கள். ஆளுக்கொரு நிறம். நூல் தையற்கடையிலிருந்து வரும். அக்காவுக்கு நீலம், அதுவும் விசில் வழியாகத்தான் போனது. தங்கை தனக்குச் சிவப்பு வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தின் வட்டப் பாத்தியில் அம்மாவின் சாமந்தி இருந்தது. ஆரஞ்சு நிறம், விளிம்பில் மட்டும் கருஞ்சிவப்பு. அப்படி ஒன்றை வேறு எங்கேயும் அவர்கள் பார்த்ததில்லை. இந்த வருடம் பெய்த மழையில் எல்லாம் அழுகி இரண்டே செடி தப்பியது. பழைய விதை ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு செடியில் தங்கை சிவப்பு நூல் கட்டினாள், இன்னொன்றில் அக்கா நீல நூல் கட்டினாள். அந்த இரண்டு பூவும் போனால் அம்மா பூவும் போயிற்று. தங்கை தினமும் கடை திறக்குமுன் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை 'அழகிய ஊர்' போட்டிக்கு நடுவர்கள் வருவதாக இருந்தது. முந்தின நாள் விசிலுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு வாடின பூ கண்ணுல படக்கூடாது" என்று ஆளாளுக்கு வேலை பிரித்தார். வட்டப் பாத்தி அக்காவுக்கு விழுந்தது. தங்கைக்கு பெஞ்சு கழுவும் வேலை.

பெஞ்சைக் கழுவிவிட்டு வந்து பார்த்தாள் தங்கை. பாத்தி துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் செடியில் வெட்டின காம்பு மட்டும் நின்றது. அக்கா செடிப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"விசில், அவங்களைக் கேளுங்க. நூல் கட்டினது தெரியலையா? வேணும்னே வெட்டிட்டாங்க. மெஷின் பத்தாதுன்னு இப்ப இதுவும்."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விசிலுக்கு ஊதக்கூடத் தோன்றவில்லை. அக்கா கத்தரிக்கோலை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, சுவரோரமாக மெல்ல நடந்து போய்விட்டாள்.

"பாத்தீங்களா, பதில் இருக்கா? இனி செத்தாலும் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள் தங்கை. பெஞ்சு துடைத்த துணியை வாளியில் வீசினாள். 

வெட்டியதெல்லாம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் உரக்குழிக்குத்தான் போகும். நேரே அங்கே போய் உட்கார்ந்து, காய்ந்த பூக்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். குழியில் பாதி கிளறிய பிறகு சிவப்பு நூல் கிடைத்தது. பூ முழுசாக இருந்தது, விதையும் உள்ளே இருந்தது. அப்பாடா என்று எழுந்திருக்கப் போனவள் கண்ணில் இன்னொன்று பட்டது.

நீல நூல்.

தங்கை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா கட்டிய முடிச்சுதான், தபால் கட்டுக்குப் போடுகிற அதே இரட்டை முடிச்சு. வஞ்சம் தீர்க்கிறவள் தன்னுடையதையும் சேர்த்தா வெட்டுவாள்? அப்புறம்தான் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. காலடியில் இருந்த வாளியைக்கூட விசில் வந்து எடுத்துத் தரும்வரை அக்கா காத்திருந்தது. ஒவ்வொரு பூவையும் கிள்ளிப் பார்த்துத்தான் வெட்டியது. வீம்பு என்று அதையெல்லாம் இத்தனை நாள் இவள் திட்டித் தீர்த்தது.

காலடிச் சத்தம் கேட்டது. அக்கா வந்தாள். தங்கை நட்ட நடுப் பகலில், பூப்படையின் மஞ்சள் மேலங்கியோடு, குழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அக்காவின் பார்வை அவள்மேல் வந்து, நிற்காமல் அப்படியே தாண்டிப் போயிற்று. முட்டி போட்டு உட்கார்ந்து, பூக்களை அள்ளி, காம்பு காம்பாக விரலால் தடவ ஆரம்பித்தாள்.

தங்கை அசைந்ததில் சருகு நொறுங்கியது.

"யாரு, விசிலா? நல்லதாப் போச்சு. நூல் கட்டினது ரெண்டு கிடக்கும். எது செவப்பு, எது நீலம்னு எனக்குத் தெரியல. செவப்பை எடுத்து அவகிட்ட குடுத்துடு. நான் தேடினேன்னு சொல்லாதே. அம்மா பூ இல்லேன்னா அவ தாங்க மாட்டா."

தங்கைக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

"நாந்தான்கா."

அக்காவின் கை அப்படியே நின்றது. 

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல புகை மாதிரி இருந்துச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"யார்கிட்ட? விசில்கிட்டயா?"

தங்கை அக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு முதல் பஸ்ல கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

"நாளைக்கு நடுவருங்க வராங்கடி."

"வரட்டும். விசில் ஊதிக் காட்டுவாரு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த மெஷின் விஷயம், நான் செஞ்சது தப்புதான்."

"தப்புதான்" என்றாள் தங்கை. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சண்டை போடறேன்."

இரண்டு பூவையும் கசக்கி விதையைக் கைக்குட்டையில் உதிர்த்தாள். அக்கா அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டையும் கலந்துட்டியா?"

"ம்."

"அப்ப எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"அம்மாவோடது" என்று சொல்லி, கைக்குட்டையை முடிந்து அக்காவின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

மறுநாள் காலை நடுவர்கள் இறங்கிய பஸ்ஸில்தான் இவர்கள் ஏறினார்கள். அக்காவின் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்து, விசில் நடுவர்களுக்கு வணக்கம் சொல்ல மறந்துபோய் நின்றார்.