லூர்துமேரியின் பெயரில் வந்த தாள்

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மதுமதிக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் லிப்ட்டுக்கு எங்கே போவது? போன மாதம் இதே படிகளில் ஏறித்தான் வீடு வீடாகக் கேட்டாள். விறகடுப்பா கேஸா, புகையிலை போடுவதுண்டா, குப்பை எரிக்கிற இடம் எவ்வளவு தூரம் என்று நாற்பத்தேழு கேள்விகள். புற்றுநோய் எதனால் வருகிறது என்று ஆராய்கிறவர்கள் ஏசி அறையில் இருக்க, வாய் வலிப்பது என்னவோ அவளுக்கு. கடைசியில் முப்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும் ஒரு குச்சியும் குழாயும் கொடுத்தாள். கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு அவரவரே குளியலறையில் மாதிரி எடுத்துக்கொள்ளலாம், டாக்டர் முன்னால் போய்ப் படுக்க வேண்டியதில்லை.

இன்று கையில் இருப்பது லூர்துமேரியின் முடிவு. பாசிட்டிவ். கேன்சர் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனை ஒன்று செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதை இன்று நான்காவது வீட்டில் சொல்லப்போகிறாள். யாரும் பாதிக்கு மேல் காதில் வாங்குவதில்லை.

மீன் விற்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த லூர்துமேரி முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அட போ மேடம், அது என்னோடதே இல்ல. அம்பத்தஞ்சு வயசுல எனக்கு இன்னாத்துக்கு அந்தக் கூத்து? நீ தெனம் வந்து நின்னுக்கினு இருந்தே, பாவமா இருந்துச்சு. மருமவ ஜான்சியாண்ட குடுத்து எடுக்கச் சொல்ட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

ஜான்சிக்கு இருபத்தெட்டு வயது. பட்டியலிலேயே இல்லாதவள். மதுமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நச்சரித்தது நாம்தானே என்று நினைத்ததும் அதுவும் போய், வெறும் அலுப்பு மிஞ்சியது.

"ஜான்சிகிட்ட நான் சொல்லட்டுமாம்மா?"

"வேணாம் மேடம். கைக்கொழந்தகாரி. நானே சொல்றேன்."

அதற்குள் தண்ணீர்க் குடத்தோடு ஜான்சியே வந்துவிட்டாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தவள், மதுமதி கையிலிருந்த தாளை வாங்கி மேலே இருந்த பெயரைப் படித்தாள்.

"இன்னா அத்தே, உனக்கா?" குடத்தை அப்படியே வைத்துவிட்டு லூர்துமேரியைக் கட்டிக்கொண்டாள். "பயப்படாதே. ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன். நான் கீறேன்ல?"

லூர்துமேரி மருமகளின் தோளுக்கு மேலாக மதுமதியைப் பார்த்தாள். மதுமதி தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். ஜான்சி மாமியாரின் முதுகைத் தடவியபடியே தாளை இன்னொரு முறை பார்த்தாள், பெயருக்குக் கீழே கர்ப்பப்பை வாய்ச் சோதனை என்று இருந்தது. தடவிக்கொண்டிருந்த கை மெல்ல நின்றது.