மின்வெட்டுக் காலத்து அறுநூறு வரிகள்

குப்பையைக் கூட்டி வெளியே கொட்டுவதில் ஒரு சுகம் உண்டு. சித்ரகலாவுக்குப் பத்து நாளாக அந்தச் சுகம் கிடைத்துக்கொண்டிருந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ஷிஃப்ட் குறிப்பு எழுதுவதற்கென்றே இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்துவைத்த கம்ப்யூட்டர் எடிட்டரை அவள் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ‘ஏடு’ என்று பெயர். அதற்குள் ஃபிளாப்பிக்கு ஒரு நிரல், பழைய பிரிண்டருக்கு ஒரு நிரல், செத்துப்போன எழுத்துருக்களுக்கு நாலு நிரல். ஒவ்வொன்றாக அழித்தாள். பக்கத்து நாற்காலி மோனிஷா ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள்.

கடைசியாக அழித்தது மின்வெட்டு நிரல். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கரண்டு போன காலத்தில், அடிக்கிற ஒவ்வொரு வரியையும் அப்போதைக்கப்போதே இன்னொரு கோப்பில் எழுதிவைத்து, கரண்டு வந்ததும் எடுத்துக் கொடுத்த அறுநூறு வரிகள். இப்போதுதான் எல்லாப் பட்டறையிலும் ஜெனரேட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் இருக்கிறதே என்று தூக்கிவிட்டாள். சோதனையெல்லாம் சரியாக ஓடியது. அன்று காலை, முதலில் ஐந்து பட்டறைகளுக்கு மட்டும் புதிய ஏடு போயிற்று. அதில் ஒன்று மங்கலம் ரோட்டில், அவள் அண்ணன் பூபாலன் நைட் ஷிஃப்டில் மெஷின் ஓட்டுகிற பட்டறை.

சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த ஐந்தில் வேறொரு பட்டறை ஆபீஸிலிருந்து அன்புசெல்வி கூப்பிட்டாள்.

"அக்கா, காலைல இருந்து அடிச்சதெல்லாம் காணோமுங்க."

"சேவ் பண்ணுனீங்களா?"

"அதெல்லாம் எப்பங்கக்கா பண்ணிருக்கறோம்? டீக்குப் போறப்ப மெயினை ஆஃப் பண்ணிப்போட்டுப் போவோம். வந்து போட்டா அதுவே இருக்குமுங்க."

சித்ரகலாவுக்கு விஷயம் புரிந்தது. இந்த ஊரில் ஏட்டில் எழுதுகிற ஒருவரும் இத்தனை வருஷத்தில் சேவ் அழுத்தியதில்லை. எந்த நேரமும் கரண்டு போகும் என்றே பழகியவர்கள். வேலை முடிந்தால் மெஷினை நிறுத்துகிற மாதிரி, கம்ப்யூட்டரையும் யூபிஎஸ்ஸோடு சேர்த்துச் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டுப் போவார்கள். மின்வெட்டு போய்விட்டது, கைப்பழக்கம் போகவில்லை. பட்டறைப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏசி அறையில் உட்கார்ந்து எது பழசு, எது புதுசு என்று தீர்ப்பு எழுதுகிறவளுக்கு அது எங்கே தெரியும்?

மற்ற மூன்று பட்டறைகளுக்கும் பேசச் சொல்லி மோனிஷாவிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டு, அண்ணன் பட்டறையின் டையிங் மாஸ்டர் கந்தவேலை அழைத்தாள்.

"குன்னத்தூர் பஸ்ஸுல இருக்கறனுங்க அம்மணி. சொந்தத்துல ஒரு காதுகுத்து."

"ஷிஃப்ட் ஷீட்டு அடிச்சீங்களா மாஸ்டர்?"

"அடிச்சு வெச்சுட்டுத்தானுங்க வந்தேன். நாலாம் நெம்பர் மெஷின் மூடிதான் மோசமுங்க. உள்ள பிரஷர் எறங்கறதுக்கு முன்னாலயே லாக் விட்டுக்குது. ஓட்டம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆறவுட்டுத்தான் தொறக்கோணும்னு எழுதியிருக்கறன்."

"எழுதிட்டு, கம்ப்யூட்டரை?"

"மெயினை ஆஃப் பண்ணீட்டனுங்க. ஏனுங்க?"

நாலாம் நம்பர் ஓட்டம் எப்போது முடியும் என்று கேட்டாள். ஆறே காலுக்கு என்றார். ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும். ஆறே காலுக்கு அந்த மூடியைத் திறக்கப்போகிறவன் பூபாலன். உள்ளே நூற்று முப்பது டிகிரியில் சாயத்தண்ணீர்.

பட்டறைக்குள் செல்போன் கூடாது. கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வாட்ச்மேனும் எடுக்கவில்லை. ஆபீஸ் போனையும் எடுப்பாரில்லை. மணி ஐந்தே முக்கால்.

ஸ்கூட்டரை எடுத்தாள். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் மங்கலம் ரோட்டில் எறும்புக்குக்கூட வழி கிடைக்காது. கம்பெனி பஸ், வேன், சாப்பாட்டுக் கூடையோடு நடக்கிற பெண்கள். ஹாரனை அழுத்திய கட்டைவிரலை எடுக்கவேயில்லை. ஆத்திர அவசரத்துக்குச் சாமி பேர் வர வேண்டிய வாயில் ‘அறுநூறு வரி, அறுநூறு வரி’ என்றுதான் வந்தது. பாலத்தடியில் ஒரு லாரி குறுக்கே நின்று நாலு நிமிஷத்தைத் தின்றது. அவள் அழுதுகொண்டே நின்றாள். வெட்கமாக இல்லை, பயமாக இருந்தது.

பட்டறை வந்தபோது மணி ஆறு பதினாறு. வாட்ச்மேன் ஏதோ கேட்டார். போனை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். உள்ளே மெஷின் இரைச்சல், காது அடைத்தது. நாலாம் நம்பர் மேடையில் பூபாலன் மூடியின் கைச்சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். கூப்பிட்டாள். கேட்கவில்லை. படியேறிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் படியில் சரிந்து விழுந்தார்கள். அவன் நின்ற இடத்துக்கு மேலே, மூடி இடுக்கிலிருந்து சீறிய சாயத்தண்ணீர் ஆவியோடு எதிர்ச்சுவரில் போய் அடித்தது. சுவர் நீலமாயிற்று.

பூபாலன் எழுந்திருக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர்ல ஷீட்டைப் பார்த்துட்டுத்தான் மூடியைத் தொறந்தேன் கண்ணு. காலியா இருந்துச்சு. காலியா இருந்தா எதும் பழுதில்லைன்னுதான அர்த்தம்."

"நாந்தாண்ணா அழிச்சேன்" என்றாள். அவனுக்கு விளங்கவில்லை. தங்கை உளறுகிறாள் என்று நினைத்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

வாட்ச்மேன் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "விடாம அடிக்குதுங்க."

வெளியே போய் எடுத்தாள். மோனிஷா.

"அக்கா, ரெண்டு பட்டறைல பேசிட்டேன். அங்க கலர் கணக்குத்தான் போச்சாம், மறுக்கா அடிச்சுக்கறோம்னுட்டாங்க. மூணாவதுல மட்டும் யாருமே எடுக்கலீங்க."

"எப்ப இருந்து?"

"நீங்க கெளம்புனதுல இருந்து."

அந்தப் பட்டறையில் இன்று என்ன எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எழுதினவர் இந்நேரம் எந்த பஸ்ஸில் இருக்கிறாரோ. அங்கே வெறும் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு மெஷின் முன்னால் நிற்கிறவன் யாருக்கு அண்ணனோ. ஐந்து பட்டறையில் தன் அண்ணன் இருக்கிற இடத்துக்குத்தான் முதலில் ஓடி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எந்த இடம்னு சொல்லு" என்றாள். வண்டிச் சாவியைத் துளையில் போட்டுத் திருகினாள்.