கப்பல் கணக்கில் எட்டு மணி

கப்பலில் கால் வைத்த அன்றைக்கே அக்காவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. இங்கே ஒரு ஜீவனுக்கும் அவசரம் கிடையாது. பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து, கூண்டு மாதிரி ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு வண்டிகளை நிமிஷம் பார்த்து வெளியே விரட்டியவள் அவள். டிரைவர்கள் வைத்திருந்த பெயர் ‘நிமிஷக்கா’. டீயைப் பாதி குடித்துக்கொண்டிருப்பவனைக்கூட ‘மீதியை வந்து குடி’ என்று வண்டியில் ஏற்றிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிடுங்கள் என்று சொல்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன செய்வாள்? ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

கூட்டிக்கொண்டு வந்தவன் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து அவனைப் பிழைக்க வைத்தவள் அக்கா. கொடுத்ததோடு சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவிடமாட்டாள். அவன் நன்றி என்று வாயெடுத்தால் போதும், ‘அடுப்புல பால் வெச்சிருக்கேன்’ என்று எழுந்து போய்விடுவாள். பால் வாங்காத நாளிலும் போவாள். ஃபோனில் ஆரம்பித்தால் ஃபோன் கட்டாகிவிடும். ஒரு தடவை கடிதமாகவே எழுதிப் பார்த்தான். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினாள். அதனால்தான் இந்த யோசனை. கப்பலில் ஏற்றிவிட்டால் எங்கே எழுந்து போவாள்? சுற்றிலும் தண்ணீர்.

அவன் போட்ட கணக்கு தப்பு. பன்னிரண்டு மாடி இருக்கிற கப்பலில் எழுந்து போவதற்கா இடமில்லை? வெயிலில் நீட்டிப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, “அக்கா, ஒண்ணு சொல்லணும்” என்பான். “இரு, மேல என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்” என்பாள். போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கண்ணில் படுவாள்.

கப்பல் என்றால் எல்லோரும் கோட்டும் சூட்டுமாய்த்தான் இருப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, தம்பிக்கு ஒரு கோட்டைத் தேய்த்து எடுத்து வந்திருந்தாள் அக்கா. முதல் நாள் மாலை அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனான். சுற்றிப் பார்த்தால் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, ஈரத் தலை. இவன் ஒருத்தன்தான் கல்யாண மாப்பிள்ளை. இரண்டு பேர் இவனிடம் வந்து தண்ணீர் கேட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்டபோது அக்காவே சிரிப்பை அடக்க முடியாமல், “போய்க் குடுத்துட்டுத்தான் வாயேன்” என்றாள்.

அறையைக் கவனிக்கும் ஊழியர்தான் மறுநாள் விளக்கம் சொன்னார். நரைத்த மீசை, எந்நேரமும் கையில் துண்டுகளின் அடுக்கு. இவர்கள் பேசும் பாஷை தெரிந்தவர், அது ஒரு கொடுப்பினை.

“இது சாவகாசமான கப்பல்மா. இங்க ஷூ போட்டாத்தான் திரும்பிப் பாப்பாங்க. வழி தெரியாமப் போறது, ரெண்டு தடவை சாப்பிடறது, பகல்ல தூங்கறது, மூணுக்கும் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

மூன்றில் முதலாவதை அக்கா தினமும் செய்தாள். தாழ்வாரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்டு கிடக்கும். அறைக்குப் போவதாக நினைத்து மூன்று தடவை முடிதிருத்தும் கடைக்குப் போய் நின்றாள். குளியலறையில் திரும்பினால் திரைச்சீலை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் பிடித்திருந்தது. லிஃப்டின் தரையில் அன்றைய கிழமையை நெய்த கம்பளம் விரித்து, ஒவ்வொரு நாளும் தவறாமல் மாற்றினார்கள். அந்த ஒன்றுக்காகவே அவள் கப்பலுக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிட்டாள். தம்பிக்கோ லிஃப்டே போதும். கதவோரம் காதை வைத்து, “சத்தமே இல்ல பாருக்கா, நல்லாப் பாத்துக்கறாங்க” என்று பூரித்துப்போவான். பின்னால் நிற்பவர்கள் விலகிப் படியில் ஏறிப் போவார்கள்.

கப்பலில் நிமிஷம் பிசகாமல் நடந்தது ஒன்றே ஒன்று, மாத்திரை. அக்கா கொடுத்த சிறுநீரகத்தைத் தம்பியின் உடம்பு இன்னும் வேற்றாளாகத்தான் பார்த்தது. அது சண்டைக்குக் கிளம்பாமல் இருக்கக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை. வேளை தவறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைத் தம்பியை நம்பி விடவில்லை அக்கா. ஏழு வருஷமாகத் தினமும் இரண்டு தடவை ஃபோன் செய்து “போட்டியா?” என்பாள். முதல் நாள் அறையைச் சுத்தம் செய்தபோது ஊழியர் மாத்திரை டப்பாவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். இரண்டு நிமிஷம் அது கண்ணில் படவில்லை. அக்கா தாழ்வாரமே அதிரும்படி சத்தம் போட்டாள். காரணம் தெரிந்ததும் அந்த மனுஷர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அறையையே தலைகீழாகப் புரட்டித் துடைத்தாலும் டப்பா இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஐந்தாம் நாள் ஒரு துறைமுகம். மாலை நாலரைக்குள் திரும்ப வேண்டும், ஐந்துக்குக் கப்பல் கிளம்பிவிடும். நாலரைக்கே வந்துவிடப் போகிறோம் என்று மாத்திரை டப்பாவை மேசையிலேயே விட்டாள். வெளியூரில் ஃபோனை எடுத்தால் பில் தீட்டிவிடுவார்கள் என்று ஃபோன்கள் இரண்டும் அறையிலேயே. கையில் அவளுடைய கடிகாரம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?

கடைவீதிக்குள் நுழைந்ததும் ஒரு மணிக்கூண்டு. அதில் ஒன்பதரை. அக்காவின் கையில் பத்தரை. அடுத்த தெருவில் மருந்துக் கடைக் கடிகாரத்திலும் ஒன்பதரை. அவளுக்கு மானம் போனது மாதிரி ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் முந்தி ஓடும் கடிகாரத்தையா கட்டிக்கொண்டு திரிந்தோம்? யாரும் பார்ப்பதற்குள் முள்ளைத் திருகிச் சரிசெய்தாள்.

தம்பி பார்த்துவிட்டான். “அக்கா, கப்பல்ல ஏதோ டைம் பத்தி மைக்ல சொன்னாங்களே.”

“பாட்டுக்கும் டான்ஸுக்கும் சொல்லியிருப்பாங்க. முப்பத்தொரு வருஷம், ஒரு வண்டிய லேட்டா விட்டிருப்பேனா நான்? ஸ்டாண்டுல என்ன மணியோ அதான் மணி. எனக்கே டைம் சொல்லித் தரியா?”

மைக்கில் சொன்னது இதைத்தான்: இந்த ஊர் நேரம் ஒரு மணி பின்தங்கியது, கப்பல் தன் நேரப்படிதான் கிளம்பும், யாரும் கடிகாரத்தை மாற்றாதீர்கள். தினமும் அறைக்கு வருகிற தாளிலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதில்தான் அக்கா ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள்.

நிம்மதியாகச் சுற்றினார்கள். அவள் ஒரு செருப்பு வாங்கினாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கப்பல்காரர்கள் ஒருத்தரையும் தெருவில் காணோமே என்று தம்பி கேட்டதற்கு, “எங்கயாவது உக்காந்து தின்னுக்கிட்டிருக்கும்” என்றாள். நாலரைக்கு அரை மணி முன்னாலேயே போய்விட வேண்டும் என்பது அவள் வழக்கம். சரியாக நாலு மணிக்குத் துறைமுகத் திருப்பத்தில் திரும்பினார்கள்.

கப்பலின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏறுகிற பாலத்தைக் காணோம். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் தண்ணீர் தெரிந்தது, பார்க்கப் பார்க்க அகலமாகிக்கொண்டே போனது. தம்பி ஓட ஆரம்பித்தான். “ஓடாதடா! ஓடாத!” என்று கத்தினாள். அவன் கேட்கவில்லை. கையை வீசிக்கொண்டு, சட்டை படபடக்க, கரை முடிகிற இடம் வரைக்கும் ஓடினான். நோயில் கிடந்தபோது நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இவன். இப்படி ஓடி அவள் பார்த்து எத்தனை வருஷம்! அந்த நேரத்திலும் ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் மாத்திரை ஞாபகம் வந்தது. அங்கேயே ஓர் இரும்புக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மேல்தளத்தில் நின்றவர்கள் இவர்களுக்கு உற்சாகமாகக் கையாட்டினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

“நான்தாண்டா லேட் பண்ணிட்டேன்” என்றாள். “நீ சொன்ன. நான்தான் கேக்கல.” புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். டெப்போவில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

அப்போது கழுத்தில் அட்டை தொங்க ஓர் அம்மாள் வேகமாக வந்தாள். கப்பல் கம்பெனிக்காகத் துறைமுகத்தில் இருக்கும் ஏஜென்ட், நல்லவேளை அவளுக்கும் இவர்கள் பாஷை தெரிந்திருந்தது. “நீங்கதானே அந்த ரெண்டு பேர்? பயப்படாதீங்க, மாசத்துக்கு நாலு பேராவது இப்படி நிக்கறாங்க. ஆறு மணி பஸ்ஸுல ஏத்தி விடறேன். அடுத்த துறைமுகத்துக்கு ராத்திரியே போயிடலாம், காலையில கப்பல் அங்க வந்துடும்.”

“அதுவரைக்கும் தாங்காதுங்க” என்றாள் அக்கா. “இவனுக்கு மாத்திரை…”

“அதானே முக்கியம்னு சொன்னாங்க” என்று ஏஜென்ட் ஒரு துணிப் பையை நீட்டினாள். “ஆள் வரலேன்னா பாஸ்போர்ட்ட எடுத்து எங்ககிட்ட குடுத்துட்டுப் போறது கப்பல்ல வழக்கம். ரூமத் தொறக்க வந்தவர், பெரிய மீசை வெச்சிருப்பாரே, இதையும் குடுத்தாகணும்னு ஒத்தக் கால்ல நின்னாராம். பாஸ்போர்ட் போனா வேற வாங்கிக்கலாம், இது போனா முடியாதுன்னாராம்.”

பைக்குள் இரண்டு பாஸ்போர்ட். மாத்திரை டப்பா. ஒரு தண்ணீர் பாட்டில். அடியில் மடித்து வைத்த அவளுடைய கம்பளிச் சட்டை. குளிர் தாங்கமாட்டாள் என்பதை அந்த மனுஷர் எப்போது கவனித்தார்? அவரிடமா அன்றைக்கு அப்படிக் கத்தினோம்? கடலைப் பார்த்துக் கைகூப்பினாள். கப்பல் அதற்குள் கட்டைவிரல் அளவுக்குப் போயிருந்தது. அவர் காதில் விழாது என்று தெரிந்தும், “நல்லா இருங்க. குடும்பத்தோட நல்லா இருங்க” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆறு மணி பஸ் ஆறு மணிக்குக் கிளம்பியது. அதற்கும் நன்றி. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு. பஸ் கடிகாரத்தில் ஏழு ஆனதும் டப்பாவைத் திறந்தாள்.

“ஏழுதானேக்கா ஆகுது?”

“கப்பல் கணக்குல எட்டு. காலைல கப்பல் எட்டுக்குப் போட்ட, இப்பவும் கப்பல் எட்டு. இந்தா.”

விழுங்கினான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போக மாடியும் இல்லை, அடுப்பில் பாலும் இல்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை. ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்தது தானாகவே வெளியே வந்தது.

“இன்னிக்கு முதல் தடவ இல்லடா நான் லேட் பண்ணது. அப்ப டெஸ்ட் ரிசல்ட் வரல, வரலன்னு மூணு மாசம் சொல்லிட்டிருந்தேன் பாரு… அது ரெண்டாவது வாரமே வந்துடுச்சு. பொருந்துதுன்னு போட்டிருந்துது. பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். பயம். கத்திய நெனச்சா பயம், செத்துடுவேனோன்னு பயம். நீ அங்க டயாலிசிஸ் மெஷின்ல படுத்துக் கெடந்த, நான் டெப்போல உக்காந்து பஸ்ஸுக்கு டைம் போட்டுக்கிட்டிருந்தேன். நீ நன்றின்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த பீரோதான் ஞாபகம் வரும்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி டப்பாவை வாங்கி மூடினான்.

“தெரியும்க்கா.”

அவள் திரும்பினாள்.

“நர்ஸம்மா அப்பவே கேட்டாங்க, பொருந்திடுச்சே, உங்கக்கா எப்ப வராங்கன்னு. வரும்போது வரட்டும், யாரும் ஃபோன் பண்ணி அவசரப்படுத்தாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.”

“நான் வராமலே இருந்திருந்தா?”

“வரலேன்னா எனக்கு அக்கா இல்லேன்னு ஆயிடுமா?” என்றான். “பயமே இல்லாதவங்க குடுத்திருந்தா எனக்கு இவ்வளவு பெருசா இருந்திருக்காது. நீ மூணு மாசம் நடுங்கிட்டு, அப்புறமும் வந்து படுத்த பாரு. அதுக்குத்தான் நான் ஏழு வருஷமா உன் பின்னாடியே அலையறேன்.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கைகளை மடியில் வைத்து, டெப்போவில் டிரைவர்களின் புகாரைக் கேட்க உட்காருவது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லு. இன்னிக்கு நான் எங்கயும் போகல.”

ஏழு வருஷம் ஒத்திகை பார்த்தவன். கடிதமெல்லாம் எழுதியவன். வாயைத் திறந்தான். “அக்கா…” என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும்டா, கெடச்சுடுச்சு” என்றாள்.