கறுக்காத செம்பு

பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த எம். புதுப்பட்டியில் புகை தெரிந்தால் யாரும் என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. முனியராஜின் பழைய இரும்புக்கடைக்குப் பின்னால் கரும்புகை எழுந்த அன்று, பாதி ஊர் குடத்தோடும் வாளியோடும் ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்தவள் அவனுடைய அம்மா மாரித்தாய்.

வந்து பார்த்தால், முனியராஜ் ஒரு குவியல் பழைய வயரைக் கொளுத்திவிட்டுப் பக்கத்தில் சாவகாசமாகக் குந்தியிருந்தான். மேலே இருக்கும் ரப்பர் எரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் செம்பு தனியாக வந்துவிடும். வயராக விற்பதைவிடச் செம்பாக விற்றால் விலை அதிகம்.

"ஏலே, கூறுகெட்ட பயலே! வெடி ஊருல தீ மூட்டி வெளையாடுறியா?" மாரித்தாய் குடத்துத் தண்ணீரில் பாதியை நெருப்பில் கொட்டினாள். மீதியை மகன் தலையில் கொட்டினாள்.

"இன்னொரு கொடம் ஊத்துங்க சித்தி, நல்லா அணையட்டும்" என்று யாரோ சொல்ல, பயந்து வந்த கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அவன் மனைவி ரோஜாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அணைந்த சாம்பலில் அவள் இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றினாள்.

கல்யாணத்துக்கு முன் ரோஜா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவள். பக்கத்து ஷெட் வெடித்த நாளிலிருந்து தீக்குச்சி உரசும் சத்தத்துக்கே அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும். பெண் பார்க்க வந்தபோது முனியராஜ் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இனிமே நீ கம்பெனி வாசல மிதிக்க வேணாம்." அந்த வார்த்தைக்காகவே அவள் தலையாட்டினாள். அவனுடைய மூக்கு கொஞ்சம் நீளம் என்பதைக்கூட மன்னித்துவிட்டாள்.

ஆனால் கடை வருமானம் அந்த வார்த்தையைக் காப்பாற்றும் அளவுக்கு வளரவில்லை. சிவகாசியில் இடித்துக் கட்டிய ஓர் அச்சகத்திலிருந்து பழைய வயரை ஒரு லோடு வாங்கியதில் இருந்த பணமும் போயிருந்தது. தீபாவளி லீவு முடிந்து, அடுத்த வாரம் கம்பெனியில் பூஜை போட்டு வேலை தொடங்கப் போகிறார்கள். மாரித்தாயும் அங்கேதான் வேலை பார்த்தாள்.

"பூசைக்கு இவளையும் கூட்டியாறேன்னு போர்மேன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள் மாரித்தாய், சோறு பரிமாறும்போது.

"நான் அவளுக்கு வாக்குக் குடுத்துருக்கேம்மா."

"அப்ப அந்த வாக்க எல போட்டுச் சாப்பிடு."

ரோஜா தலைநிமிர்ந்தாள். "அத்தே, எரிக்க வேணாம். வயரக் கையால உரிச்சு வித்தா?"

"ஒன் கூலிய யாரு தருவா? கம்பெனிக்குப் போனா ஒரு நாளைக்கு எம்புட்டு வாங்குவியோ, அம்புட்டையும் கழிச்சுக் காட்டு. அதுக்கு மேலயும் மிஞ்சுனா, நானே போயி எம் மருமக வரமாட்டான்னு சொல்லிட்டு வாறேன்."

"பேச்சு மாறக்கூடாது அத்தே."

"நான் மாறுறவளா? ஒன் மாமனாரக் கேட்டுப் பாரு, மேலோகம் போயி."

மறுநாள் ரோஜா, கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று மெல்லிய வயர்களாகப் பார்த்து எடுத்து உட்கார்ந்தாள். கத்தி வழுக்கியது. விரல் நுனிகளில் கீறல் விழுந்தது. பொழுது சாயும்போது மடியில் கிடந்தது ஒரு கைப்பிடி செம்பு, முடிபோல மெல்லிசாக. தராசில் வைத்துப் பார்த்தார்கள். அவளுடைய கூலியில் பாதிகூடத் தேறாது.

"சவுரி மாதிரியில்ல இருக்கு. கொண்டைக்கு வச்சுக்கிறலாம்" என்றாள் மாரித்தாய்.

ரோஜா பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள். நெடுநேரம் கழுவினாள்.

அவள் திரும்பி வந்தபோது முனியராஜ் ஒரு வேப்பங்கட்டையில் துளை போட்டு, துளைக்கு மேலே பிளேடு ஒன்றைத் திருகி முடுக்கிக்கொண்டிருந்தான். "வயரு நுனிய இதுல விட்டு, அந்தப் பக்கமா இழு" என்றான். அவள் இழுத்தாள். மெல்லிய வயர் அறுந்துபோனது. கையில் அகப்பட்ட தடித்த வயர் ஒன்றை விட்டு இழுத்தாள். ரப்பர் நெடுகக் கீறிக்கொண்டு, முருங்கைக்காய்த் தோல்போல வழிந்து விழுந்தது. ஒரே இழுப்பில் உள்ளங்கை நிறையச் செம்பு!

ரோஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். "மச்சான், எல்லாத்தையும் உரிக்கணும்னு என்ன கட்டாயம்? மெலிசு உரிச்சாக் கூலிக்குக்கூடக் காணாது, அது வயராவே போகட்டும். தடிச்சத மட்டும் இங்கன தள்ளுங்க!"

"வளையல் வாங்கிப் போட வேண்டிய கைக்குக் கட்டையக் குடுத்துருக்கேன். கோவமா?"

"வளையல் போட்டா வயரு இழுக்க எடஞ்சல்" என்றாள் அவள். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தாள்.

சரம் பின்னிய விரல்களுக்கு வேகத்தைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குப் போனார்கள். மகனும் மருமகளும் கணக்கில் ஏமாற்றிவிடுவார்கள் என்று மாரித்தாயும் ஏறிக்கொண்டாள்.

மொத்தக் கடைக்காரர் ஜெயச்சந்திரன் ஒரு கம்பியை எடுத்து வளைத்தார், வெயிலில் பிடித்தார். "இத எரிக்கலையா நீங்க?"

"எங்க ஊருல எரிக்க முடியாதுங்கய்யா" என்றாள் ரோஜா. "ஊரே வாளியோட வந்துரும்."

"வந்து தலையில ஊத்தும்" என்றான் முனியராஜ்.

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "எல்லாரும் கருக்கித்தான் கொண்டாறாக. கருகுனதுக்கு ஒரு வெல. இப்படிப் புதுசாட்டம் மின்னுறதுக்கு வேற வெல. இன்னும் இருந்தாக் கொண்டாங்க."

எரித்திருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது! மாரித்தாய் பணத்தை வாங்கித் தன் கையாலேயே கணக்குப் பார்த்தாள். வயரின் அசலைக் கழித்தாள். மருமகளின் கம்பெனிக் கூலியைக் கழித்தாள். ஆட்டோ வாடகையைக் கழித்தாள். கழிக்க வேறெதுவும் அகப்படாமல், மறுபடியும் முதலிலிருந்து கழித்தாள். அப்போதும் நிறையவே மிஞ்சியது. பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மறுநாள் காலை தூக்குவாளியோடு தனியாகக் கம்பெனிக்குக் கிளம்பினாள். மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டாள். கையில் பூஜைப் பொரி இருந்தது.

"போர்மேன்கிட்டச் சொல்லிட்டேன்."

"நான் வரமாட்டேன்னா அத்தே?"

"ஒன்னைய மட்டுமா சொன்னேன்? நானும் வரலைன்னுட்டேன்." தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயர்க்குவியலின் முன் உட்கார்ந்தாள். "ஏலே முனியராசு, என்ன வாயப் பொளந்து பாக்குற? எனக்கு ஒரு கட்டை செய்யி. தொளை பெருசா இருக்கட்டும்."

"கூலி எம்புட்டும்மா கேப்பீக?"

"கம்பெனிக் கூலிதேன். ஒத்தப் பைசா கொறஞ்சா போர்மேன்கிட்டப் போயிருவேன்."

ரோஜா தன் கட்டையை அத்தையின் பக்கம் நகர்த்தினாள். மாரித்தாய் வயரின் நுனியைத் துளையில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தாள். செம்பு பளீரென்று வெயிலுக்கு வந்தது.