அரை வருஷத் தேய்மானம்

கவிப்பிரியா பக்கத்தில் வந்தாலே அந்த ரெண்டு பேரும் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். நவநீதனும் முனிராஜும் ஒரே ஊர், வூட்டுப் பேச்சு தெலுங்கு. சரி, ஆனால் மூணு பேரும் ஒரே குழு என்று ஆன பிறகு அவளுக்குத் தெரியாத பாஷையில் என்ன ரகசியம்?

பி.காம். கணக்கியலில் சசிகலா மேடம் வைத்திருந்த முறை அப்படி. கணக்கைக் குழுவாகப் போட வேண்டும். மேடம் யாரைக் கூப்பிடுவார் என்று தெரியாது. அவர் கூப்பிட்ட ஆள் போர்டில் வாங்கும் மார்க்குதான் குழுவில் எல்லாருக்கும். போன செமஸ்டரில் குழுவில் ஒருத்தி வாயடைத்து நின்றதில், வகுப்பில் முதலாவதாக இருந்த கவிப்பிரியா சறுக்கி விழுந்தாள். இந்தத் தடவை விட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

இவனுங்க என் முதுகில் சவாரி பண்ணப் பார்க்கிறானுங்க என்று அவளுக்கு அரித்துக்கொண்டே இருந்தது. சோதிக்கலாம் என்று, தான் போட்ட கணக்கில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்துப் போனில் அனுப்பினாள். அக்டோபரில் வாங்கிய இயந்திரத்துக்கு, கணக்கு முடியும் மார்ச் வரை அரை வருஷத் தேய்மானம்தான். அவள் முழு வருஷத்துக்குக் கழித்திருந்தாள். அப்படியும் பற்று, வரவு இரண்டு பக்கமும் சரியாகவே நிற்கும். தானாகப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் பிழை தெரியும்.

முனிராஜ் "சூப்பர் கவி" என்றான். நவநீதன் கட்டைவிரல் படம் போட்டான். திறந்துகூடப் பார்க்கவில்லை, திருட்டுப் பயலுக!

மறுநாள் காலையில் வகுப்புக்கு முன்னால் நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திருத்திக்கொடுப்பதாக இருந்தாள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ் நின்றுவிட்டது. அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது நவநீதன் சாக்பீஸோடு போர்டு முன்னால் நிற்கிறான். அவன் விழப்போகும் குழி அவள் வெட்டி வைத்தது.

தேய்மானத்துக்கு வந்தான். அரை வருஷம் என்று எழுதினான். முழு மார்க்.

வெளியே வந்ததும் இருவரையும் பிடித்துக்கொண்டாள். "தப்புன்னு தெரியுமில்ல, ஏன் சொல்லல?"

முனிராஜ் சிரித்தான். "மொத மார்க் வாங்கற புள்ள, மூஞ்சி தொங்கிடும், சொல்லாதடான்னான் இவன். அதான் சொல்லல."

"அப்ப என்னைப் பார்த்தாலே தெலுங்குல என்ன பேசுவீங்க?"

"நீ வந்தா கிளாஸ் எடுப்பியே. எப்படித் தப்பிக்கறதுன்னுதான்."

நவநீதன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எனக்கும் அது மொதல்ல புரியல, கவி. தெரியாமத்தான போட்ட? உக்காரு, காட்டறேன்."

ஆமாம் என்றால் அவள் கணக்குத் தெரியாதவள். இல்லை என்றால் அதைவிடக் கேவலம். கவிப்பிரியா வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"காட்டு" என்றாள்.

முனிராஜ் மட்டும் அவளையே உற்றுப் பார்த்தான். பிறகு நவநீதன் பக்கம் குனிந்து தெலுங்கில் ஏதோ கேட்டான். அதில் 'டெஸ்ட்' என்ற ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்ல" என்றான் நவநீதன். ஆனால் அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை மாறியிருந்தது.