இடது தோள் பக்கம்

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏணியில்தான் தூத்துக்குடிக்காரர்கள் கடலடிக்கு இறங்குவார்கள். கஸ்பாரும் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடுவார். அப்போது அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருக்கும். சோற்றில் கை வைத்ததும் அது போய்விடும்.

"கீழ என்னதான் செய்தீங்க?" என்று அவர் மனைவி விண்ணரசி கேட்பாள்.

"சும்மாதான்" என்பார் கஸ்பார், டிவியைப் பார்த்தபடி.

இந்தச் சும்மா விண்ணரசியின் மண்டையைக் குடைந்தது. பொம்பளை விவகாரமாக இருந்தால்கூடத் தேவலை, இந்நேரம் ஊர் வந்து சொல்லியிருக்கும். வீட்டில் இல்லாத எது கடலுக்கடியில் இருக்கிறது? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் முங்கப் படித்தாள். ஒரு ஞாயிறு, அவர் இறங்கிய கொஞ்ச நேரத்தில், அவளும் சிலிண்டரோடு வந்து நின்றாள்.

ஏணிக்காரர் மச்சாது மறித்தார். "ஒத்தையா விடமாட்டேன்மா. ரெண்டு பேரா எறங்கணும், ரெண்டு பேரா ஏறணும்."

"எங்க வீட்டுக்காரரு ஒத்தையாதானே போறாரு?"

"அவருக்குக் கூட்டாளி கீழயே இருக்குல்லா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதெல்லாம் நான் பாக்கதில்ல. இடது தோள் பக்கம் ஒரு கூட்டாளி வேணும். மூணு மூச்சுக்கு ஒருக்கா திரும்பிப் பாக்கணும். அம்புட்டுதான்."

விண்ணரசி தன் கைப்பையை இடது தோளில் மாட்டிக் காட்டினாள். மச்சாது பையை ஏற இறங்கப் பார்த்தார். "திரும்பிப் பாத்துக்கிட்டே போங்க" என்று வழிவிட்டார்.

கொஞ்சம் ஆழம் போனதும் காது இரண்டும் டப்பென்று திறந்துகொண்டன. அதற்குக் கீழே பேச்சு நன்றாகவே கேட்கும். ஏணி முடிந்த இடத்தில் ஒரு கப்பல் முழுகிக் கிடந்தது. உள்ளே நடைபாதை, இரண்டு பக்கமும் கதவுகள்.

முதல் கதவைத் திறந்தாள். ஒருவர் தரைக்கும் கூரைக்கும் நடுவே சம்மணம் போட்டு மிதந்துகொண்டிருந்தார். வங்கியில் பார்த்த முகம்.

"என்ன செய்யிறீங்க?"

"தொங்குதேன்."

"எதுல?"

"எதுலயும் இல்ல. அதான் சொகம்."

அவள் வெளியே வந்தபோது நடைபாதை நீண்டிருந்தது. அடுத்த அறையில் ஒரு பெண் கேமராவைப் பிடித்தபடி நகத்தளவு நத்தை ஒன்றின் முன்னால் குப்புறக் கிடந்தாள்.

"எப்பம் எடுப்பீங்க?"

"திரும்பட்டும். ஈஸ்டர்ல இருந்து கெடக்கேன்."

நடைபாதை இன்னும் நீண்டது. அதற்கடுத்தது சலூன். பெஞ்சில் மனிதர்களும் மீன்களும் முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். செந்நிற இறால் ஒன்று ஒவ்வொருவர் வாய்க்குள்ளும் போய்ப் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு வந்தது. கூசுகிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்றார் ஒரு தலைமையாசிரியர்.

"எஞ் சிலிண்டர் எம்புட்டு நேரம் வரும்?" என்று விண்ணரசி இறாலைக் கேட்டாள்.

இறால் சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்தது. "அடுத்த ஞாயிறு வர தாங்கும்" என்றது.

வெளியே நடைபாதையின் கடைசிக் கதவு கண்ணுக்கே எட்டவில்லை. கேள்வி கேட்கக் கேட்க அது நீளுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு லேசான காரியமில்லை. நடைபாதை குறுகிக் குறுகி, கடைசிக் கதவு அவள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் மணலும் நீல வெளிச்சமும்தான். கஸ்பார் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தார். அவருடைய இடது தோள் பக்கம் ஆள் பருமனுக்கு ஒரு களவா மீன் வந்துகொண்டிருந்தது.

மூன்று மூச்சு. கஸ்பார் திரும்பிக் களவாவைப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, எல்லாம் சரிதானே என்று காட்டினார். களவா துடுப்பை அசைத்தது. மறுபடியும் மூன்று மூச்சு. மறுபடியும் திரும்பினார்.

இதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று விண்ணரசி காத்திருந்தாள். வேறு எதுவும் செய்யவில்லை. கஸ்பாரின் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது.

வீட்டில் உப்பு கேட்கக்கூட அவர் திரும்பமாட்டார். கையை மட்டும் நீட்டுவார். விண்ணரசிக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் துடைக்க வழியில்லை என்பதால் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு பார்வைகளுக்கு நடுவே களவா அவளிடம் வந்தது.

"நீங்கதான் வீட்டம்மாவா?"

"ஆமா."

"மேல அவரு என்ன செய்வாரு? எனக்கு மண்டை குடையுது."

"கேட்டா என்ன சொல்லுதாரு?"

"சும்மாதான்னு சொல்லுதாரு."

விண்ணரசி கஸ்பாரின் முதுகைப் பார்த்தாள்.

"நான் போயிப் பாக்கட்டா?" என்றது களவா. "ரெண்டு பேருதான் ஏறமுடியும். நான் போனா நீங்க இங்கதான் நிக்கணும்."

அதற்குள் மூன்றாவது மூச்சு வந்துவிட்டது. களவாவின் இடம் காலியாக இருந்தது. விண்ணரசி போய் அதில் நின்றாள். கஸ்பார் திரும்பினார். அவளை முழுசாகப் பார்த்தார். விரலை வட்டமாக்கிக் காட்டினார். அந்த முகம் அப்படியே இருந்தது.

அவள் பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்தாள்.

"ரசம் இருக்கு, சூடு பண்ணணும்" என்றாள். மீன் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டாள்.

களவா சாவியைக் கவ்விக்கொண்டு கஸ்பாரின் இடது பக்கம் போய்ச் சேர்ந்தது. இருவரும் ஏறினார்கள். கஸ்பார் மூன்று மூச்சுக்கு ஒருமுறை திரும்பினார். காது திறந்துகொள்ளும் இடத்தைத் தாண்டி மேலே போனதும் திரும்புவதை நிறுத்திவிட்டார். களவா அவரைப் பார்த்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து கீழே விண்ணரசியைப் பார்த்தது.

அவள் விரலை வட்டமாக்கிக் காட்டினாள்.

ஞாயிறு வர இன்னும் நாள் கிடந்தது. அவள் மணலில் உட்கார்ந்து மூன்று மூச்சு விட்டாள். திரும்பிக் கைப்பையைப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது.